பாப்போவின் பச்சைச் சட்டை

“உன் தம்பி இன்னிக்கு இந்த வீட்டுக்குள்ள கால் வச்சான்னா, டி.வி.யையே அணைச்சுடுவேன்” என்றார் ரூபேன்.

வாழைக்காயைத் தட்டித் தட்டிப் பொரித்துக்கொண்டிருந்த மிக்தாலியா, அணைத்துத்தான் பாருங்களேன் என்றாள். அந்தத் தைரியம் அவருக்குக் கிடையாது என்று அவளுக்குத் தெரியும்.

அன்றைக்குக் கூடைப்பந்து லீக் சுற்றின் கடைசி நாள். ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டம். இவர்கள் ஊர் நாகுவாபோ ஜெயிக்க வேண்டும். வேறொரு மைதானத்தில் பக்கத்து ஊர் லுகியோ தோற்க வேண்டும். இரண்டும் நடந்தால், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நாகுவாபோ அடுத்த சுற்றுக்குப் போகும்.

ரூபேன் தன் பங்குக்கு எல்லாம் செய்திருந்தார். போன வாரம் ஜெயித்தபோது போட்டிருந்த நீலச் சட்டையைத் துவைக்காமல் மாட்டியிருந்தார். அதே நாற்காலி, அதே பக்கச் சாய்வு. பாத்ரூம் போவதைக்கூட ஒத்திவைத்திருந்தார்.

ஒரே தொல்லை மைத்துனன் பாப்போ. அவன் உட்கார்ந்து பார்த்தால் நாகுவாபோ தோற்கும், ஊரறிந்த விஷயம். அவன் மைதானத்துக்கே போன அன்று, இருப்பதிலேயே நல்ல ஆட்டக்காரனுக்குக் கணுக்கால் பிசகியது. ஆட்டத்தன்று மீன் கடைத்தெருவில் அவனைக் கண்டால் ஆட்கள் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவார்கள். அவனும் சிரித்துக்கொண்டே கையசைப்பான்.

பேச்சு முடிவதற்குள் பாப்போ வாசலில் நின்றான். அந்த வெக்கையில் மழைக்கோட்டு, கழுத்துவரை பொத்தான்.

“முன்னறைக்கு வரமாட்டேன் மச்சான். சமையலறையிலயே இருந்துக்கறேன்.”

“டி.வி. பக்கம் தலை திரும்பக்கூடாது.”

“திரும்பாது.”

சொன்னபடியே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கூடப்பிறந்தவனை இப்படி அடுப்படியில் அடைக்கிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டே, பொரித்த வாழைக்காய்த் தட்டோடு மிக்தாலியா முன்னறைக்கு வந்திருந்தாள்.

ஆட்டம் தொடங்கியது. நாகுவாபோ பின்தங்கியது. ரூபேன் நடுவரின் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். கைக்கெட்டும் தூரத்தில் பந்தைத் தவறவிட்ட நெட்டையனிடம், ஏணி வச்சுத் தரட்டுமாடா என்று கேட்டார். அவனே அடுத்தடுத்து இரண்டு போட்டதும், என் ராசா என்று டி.வி.க்கு முத்தம் கொடுத்தார்.

சமையலறையிலிருந்து கைத்தட்டல் கேட்டது. கூடவே பாப்போவின் குரல்.

“அப்படித்தான் லுகியோ, விடாதே.”

ரூபேனுக்குக் காது கூசியது. பயிற்சியாளர் இடைவேளை கேட்ட நேரம் பார்த்து, ராசியான நாற்காலியை விட்டே எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

மழைக்கோட்டு தரையில் கிடந்தது. பாப்போவின் உடம்பில் லுகியோ அணியின் பச்சைச் சட்டை. கழுத்தில் கடைச் சீட்டுகூட இன்னும் பிய்க்கவில்லை. கைப்பேசியில் லுகியோ ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. லுகியோ பன்னிரண்டு புள்ளி முன்னால் இருந்தது.

“இத்தனை வருஷமா உன்னை ராசியில்லாதவன்னு நினைச்சேன். நீ துரோகிடா. வெளிய போ.”

பின்னால் வந்த மிக்தாலியாவும், அடப்பாவி என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

“போயிடறேன் மச்சான். ஆட்டம் முடியட்டும். இப்ப எழுந்தா கெட்டுடும்” என்றான் பாப்போ, கைப்பேசியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

விசில் சத்தம் கேட்டது. ரூபேன் பல்லைக் கடித்துக்கொண்டு முன்னறைக்கு ஓடினார்.

கடைசி நொடியில், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் நாகுவாபோ ஜெயித்தது. கடைசிப் பந்துல ஜெயிச்சாச்சு என்று கத்திக்கொண்டே ரூபேன் மிக்தாலியாவைத் தூக்கிச் சுற்றினார். சுற்றும்போதே அந்தப் பன்னிரண்டு புள்ளி ஞாபகம் வந்து அவளை இறக்கிவிட்டார். ஜெயித்தும் பயனில்லையே என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சமையலறையில் லுகியோ, லுகியோ என்று பாப்போ தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். திடீரென்று சத்தம் நின்றது. கதவு திறந்தது. அவன் கண்ணெல்லாம் ஈரம்.

“லுகியோ தோத்துருச்சு மச்சான். நாம அடுத்த சுற்றுக்குப் போயாச்சு.”

ரூபேனுக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் கோபம் விடவில்லை. “அதுக்குத்தான் அழறியா? நல்லா அழு” என்றார்.

பாப்போ பச்சைச் சட்டையைக் கழற்றினான். உள்ளே, சாயம் போன நாகுவாபோவின் நீலச் சட்டை.

“நான் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தோக்கும்னு நீங்கதானே சொல்றீங்க. அதான் இன்னிக்கு அந்தப் பக்கம் போய் உக்காந்தேன்” என்றான்.

பிறகு, முன்னறைக்குள் காலெடுத்து வைக்காமல் நிலைப்படியிலேயே நின்று கேட்டான்.

“நம்ம பசங்க அந்தக் கடைசிப் பந்தை எப்படிப் போட்டாங்க மச்சான்? நான் பாக்கலையே.”