வாஷர் போடாத கண்

சுத்தியல் இறங்கியது. பித்தளை வளையம் தார்ப்பாயில் பதிந்தது.

அவள் அடுத்த கண்ணுக்குத் துணியை மடித்தாள்.

உள்ளே மகள் அழுதுகொண்டிருந்தாள். சத்தம் வராமல் அழ அந்தப் பிள்ளைக்கு இன்னும் தெரியவில்லை. தாய்க்கோ கல்யாணமான முதல் வருடமே தெரிந்துவிட்டது.

லோடு ஏற்ற நேரமானால் புருஷன் அடிப்பான். டீசல் விலை ஏறினாலும் அடிப்பான். கையில் எது அகப்படுகிறதோ, அதைக்கொண்டு. அவளும் வாங்கிக்கொண்டு வேலையைப் பார்ப்பாள். ஊரில் கேட்டால் அவனைப் போலத் தங்கமான டிரைவர் கிடையாது என்பார்கள்.

இன்றைக்குத்தான் முதன்முறையாகப் பிள்ளைமேல் கை வைத்தான். தார்ப்பாய் தயாராகவில்லையாம். கட்டுக்கயிற்றை முறுக்கி, அந்தச் சின்ன முதுகில் வீசினான்.

அவள் குறுக்கே பாய்ந்தாள். அடுத்த வீச்சு அவள் காதில் விழுந்தது. இன்னும் இரைகிறது.

காது போனால் போகட்டும். பிள்ளையின் முதுகில் கயிற்றின் முறுக்கு அப்படியே தடித்திருந்தது.

"இன்னுமா ஆகல?" லாரியடியிலிருந்து அவன் கத்தினான்.

தார்ப்பாயின் ஓரமெல்லாம் கயிறு கோக்கக் கண் வேண்டும். துளையில் மேலிருந்து வளையம், அடியில் வாஷர், ஓங்கி ஓர் அடி. வளையத்தின் கழுத்து விரிந்து வாஷரைக் கவ்விக்கொள்ளும். அப்புறம் யானை இழுத்தாலும் வராது.

வாஷர் இல்லாவிட்டால் வெறும் துணியைத்தான் கவ்வும். மேலே பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

அவன் மேலே மட்டும்தான் பார்ப்பான். கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான். தார்ப்பாயைப் புரட்டிப் பார்த்ததே இல்லை.

அவள் ஒரு வாஷரை எடுத்தாள்.

உள்ளே பிள்ளை விக்கியது.

வாஷரை டப்பாவிலேயே திரும்பப் போட்டாள். ஓங்கி அடித்தாள்.

மிச்சமிருந்த ஓரம் முழுக்க அப்படியே அடித்தாள்.

அவன் வந்தான். தேய்த்துப் பார்த்தான். தோளில் போட்டுக்கொண்டு போனான்.

லாரியில் அடுக்கியிருந்த தேங்காய்நார்க் கட்டுகள் பக்கப் பலகைக்கு மேலும் ஓர் ஆள் உயரம் நின்றன. அவன் ஏறித் தார்ப்பாயை விரித்தான். ஒரு பக்கத்தைக் கட்டிவிட்டு, புதுக் கண்கள் இருந்த ஓரத்துக்கு வந்தான். கயிற்றைக் கோத்துக் கையில் சுற்றிக்கொண்டான். குதிகாலை விளிம்பில் ஊன்றி, உடம்பை வெளியே சாய்த்து இழுத்தால்தான் தார்ப்பாய் இறுகும். எப்போதும் அப்படித்தான் இழுப்பான்.

கீழே கருங்கல் தளம்.

பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தது.

"உள்ள போ சாமி." அவள் கதவைச் சாத்தினாள்.

அவன் லேசாகச் சாய்ந்து பார்த்தான். புதுக் கண்கள் தாங்கின. போதுமென்று நிமிரப் போனான்.

அவள் லாரியருகே போய் அண்ணாந்து பார்த்தாள்.

"ஏனுங்க, தொளதொளன்னு இருக்குது. இன்னும் நல்லாச் சாஞ்சு இழுங்க."

அவள் பேச்சை அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

இன்றைக்குக் கேட்டான்.