கைக்கேற்ற வில்

"யாருக்கு வில்லு?"

"என் வீட்டுக்காரருக்கு. அடுத்த வாரம் அவரோட பேர்நாள் விழா. அவருக்குத் தெரியாம பரிசு வாங்கணும்," என்றாள் பிரோஷ்கா.

பக்கோனி மலைக்காட்டை ஒட்டியிருந்த அந்தப் பட்டறையில் வேட்டைக்காரர்களுக்கு மரவில் செய்து விற்பவன் ஆகோஷ். கையிலிருந்த இழைப்புளியை வைத்துவிட்டு எழுந்தான்.

"எப்படி வேட்டையாடுவார்?"

"ஓக் மரத்துல பரண் கட்டி உக்காருவார். காட்டுப்பன்னிக்கு."

சுவரிலிருந்து ஒரு குட்டை வில்லை எடுத்தான். "அப்ப இதுதான் சரி. நீள வில்லுன்னா பரண் பலகையில இடிக்கும். அந்தச் சத்தத்துக்கே பன்னி அடுத்த ஊருக்கு ஓடிடும்."

அவள் சிரிக்கவில்லை.

"அவருக்குக் கை ரொம்ப நீளம்."

"அப்படியா? நீளக் கைக்காரர் குட்டை வில்லை முழுசா இழுத்தா நாண் மடிஞ்சு விரலைக் கவ்விடும். அம்பு கோணலாப் போகும். எவ்வளவு நீளம்?"

"அளந்ததில்லயே..." சுற்றுமுற்றும் பார்த்தாள். "இந்தத் தூணை அவர்னு வச்சுக்குங்க. டான்ஸ் ஆடுறப்போ என் தோள்ல ரெண்டு கையையும் நீட்டி வைப்பார்."

கண்களை மூடிக்கொண்டு தூணிலிருந்து மெல்லப் பின்னால் நகர்ந்தாள். ஓரிடத்தில் நின்றாள்.

"இங்க."

ஆகோஷ் டேப்பைப் பிடித்தான். "அம்மாடி! உங்க வீட்டுக்காரர் மனுஷனா, நாரையா?"

சட்டென்று கண் திறந்தாள். முகம் சிவந்துபோயிருந்தது. ஆகோஷ் இருப்பதிலேயே நீளமான வில்லை இறக்கி, நாணேற்றி அவளிடம் கொடுத்தான்.

"பிரோஷ்கா! இங்கயா இருக்கே? ஊரெல்லாம் தேடிட்டேன். சத்திரத்துல சூப் ஆறிப்போச்சு!"

வாசலில் குள்ளமாக, குண்டாக, சிரித்த முகத்தோடு ஒருவர்.

"இவர்தான் என் வீட்டுக்காரர், வெந்தெல்," என்றாள் அவள்.

"வில்லா? எனக்கா?" வெந்தெல் குழந்தைபோல் அதை வாங்கி இழுத்தார். "என்னம்மா இது? நாண் என் மோவாய்க்கே வந்துடுச்சு, வில்லு பாதிகூட வளையலயே! யார் கைக்கு அளவு சொன்னே?"

பிரோஷ்காவின் பார்வை தூணுக்குப் போனது.

"அவங்க சரியாத்தான் சொன்னாங்க," என்றான் ஆகோஷ். "நான்தான் மாத்தி எடுத்துட்டேன். இந்தாங்க, உங்களுது இது."

குட்டை வில் வெந்தெலுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. மனைவியின் தோளைத் தட்டி, பெருமையோடு வில்லைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அவள் திரும்பிப் பார்க்காமல் பின்னால் போனாள்.

கார் கிளம்பிய சத்தம் தேய்ந்ததும் ஆகோஷ் அந்த நீள வில்லை எடுத்து இழுத்தான். நாண் அவன் கடைவாயைத் தொட்டு அப்படியே நின்றது, இம்மியும் கூடாமல், குறையாமல்.

அவனுக்கும் பிரோஷ்காவுக்கும் நடக்கவிருந்த கல்யாணம் நின்றுபோய் இத்தனை வருடங்கள் ஆன பிறகும், அவள் தோள் அவன் கையின் நீளத்தை மறக்கவில்லை.