இழுங்க மாமா, விடுங்க மாமா

“நேத்தும் பொட்டுத் தூக்கம் இல்லை தம்பி,” என்றார் பெரியவர், கட்டிலில் சாய்ந்தபடி.

பிசியோதெரபி பார்க்க வந்தவர் பையைக் கீழே வைத்தார். அந்த வீட்டுப் பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் மூச்சு மாஸ்டர். மாவு மில்லிலேயே காலம் தள்ளிய பெரியவருக்கு நெஞ்சு இரைந்து இரைந்து தூக்கம் கெட்டுப்போயிருந்தது. அதைச் சரிசெய்யத்தான் ஆஸ்பத்திரி மாஸ்டரை வாரா வாரம் அனுப்பிக்கொண்டிருந்தது.

மாஸ்டர் பெரியவரின் தோளை அழுத்திப் பார்த்தார். கழுத்தை மெல்லத் திருப்பிப் பார்த்தார். வயிற்றில் கை வைத்தார். மூச்சு வயிறு வரை இறங்கி, அவசரமில்லாமல் ஏறியது. எல்லாம் சொல்லிக்கொடுத்தபடியே இருந்தது. தூக்கம் மட்டும் வரவில்லையாம்.

“பயிற்சி தினமும் நடக்குதா?”

“நடக்குதாவா?” என்று வாசல் பக்கமிருந்து பதில் வந்தது. மருமகள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். “மத்தியானம் வேலையிலேர்ந்து வந்து பையை வைக்கறதுக்குள்ள, பயிற்சிக்கு வாம்மான்னு கூப்பிட்டுடறார். நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு இவர் பையன் அந்த ரூம்ல கும்பகர்ணன் மாதிரி கிடக்கறார், அவரை எழுப்ப முடியாது. பிள்ளைங்க பசியோட வந்துடுதுங்க. பாத்திரம் மலை மாதிரி குவிஞ்சிருக்கு. நான் இங்க உட்கார்ந்து இழுங்க மாமா, விடுங்க மாமான்னு பாட்டுப் பாடிட்டிருக்கேன்.”

“அவ சொன்னாத்தான் எனக்கு மூச்சு சீரா வருது,” என்றார் பெரியவர், சுவரைப் பார்த்தபடி.

“அக்கா, உங்க குரலை போன்ல பதிவு பண்ணிடலாமே. ஐயா அதைக் கேட்டுக்கிட்டே செய்யட்டும்.”

மருமகளின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. பெரியவர் உடனே அதைக் கெடுத்தார்.

“போன்ல வர்ற குரல் எனக்கு ஒத்து வராது.”

“பாத்தீங்களா சார். இது மட்டுமா? கதவைச் சாத்தணும். என் போனை வெளியே வைக்கணும். பிள்ளைங்க எட்டிப் பார்க்கக் கூடாது. நான் பார்த்தா இவருக்குக் கூச்சமா இருக்காம், அதனால நானும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் சொல்லணும். ராஜ வைத்தியம் தோத்துடும்.”

மாஸ்டருக்கும் அலுப்பாகத்தான் இருந்தது. காலையிலிருந்து வீடு வீடாக மாடிப்படி ஏறி இறங்கியதில் கால் கெஞ்சியது. பலன் கிடைக்கிற வீட்டில் அந்த வலி தெரியாது. இந்த வீட்டில் நன்றாகவே தெரிந்தது.

“ஐயா, உண்மையைச் சொல்லிடறேன். இதுக்கு மேல இழுத்தடிக்க முடியாது. இன்னைக்கும் பலன் இல்லேன்னு நான் சொன்னா, பயிற்சியை நிறுத்திட்டுத் தூக்க மாத்திரைக்கு மாத்திடுவாங்க. உங்க நெஞ்சுக்கு அது அவ்வளவு நல்லதில்லை. ஆனா வேற வழி இல்லை.”

“மாத்திரையே குடுத்துடுங்க சார். எனக்கு அரைமணி நேரமாவது மிச்சமாகும்.”

சொன்ன கையோடு மருமகளின் முகம் சுருங்கிவிட்டது. நல்லவள்தான். களைப்புக்கு நல்லது கெட்டது எங்கே தெரிகிறது?

“மாத்திரை வேண்டாம் தம்பி,” பெரியவரின் குரல் கெஞ்சியது. “இன்னும் கொஞ்ச நாள் பயிற்சியே இருக்கட்டும். அதை மட்டும் நிறுத்திடாதீங்க.”

பயிற்சிக்காகக் கெஞ்சுகிற நோயாளியை மாஸ்டர் இதுவரை பார்த்ததில்லை. எல்லோரும் தப்பிக்கத்தான் வழி தேடுவார்கள். அவருக்கு மனசு கேட்கவில்லை.

“சரி, என் கண் முன்னாடி ஒரு தடவை செய்ங்க. எங்கே தப்புன்னு பார்த்துடறேன். பிடிபடலேன்னா நிறுத்த வேண்டியதுதான்.”

மருமகள் போனை வெளியே வைத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினாள். கட்டிலை ஒட்டியிருந்த சாய்வு நாற்காலியில் பெருமூச்சோடு உட்கார்ந்து கண்ணை மூடினாள். மாஸ்டர் ஜன்னலோரமாக நின்றுகொண்டார்.

“மூக்கால இழுங்க மாமா... வாயால மெதுவா விடுங்க... வயிறு உள்ளே போகட்டும்...”

பெரியவர் ஒரு குறை வைக்கவில்லை. தலையணை சரியான இடத்தில் இருந்தது. தோள் தளர்ந்திருந்தது. மருமகளின் குரல்தான் இறங்கிக்கொண்டே வந்தது.

“இழுங்க மாமா... விடுங்க...”

இடைவெளி நீண்டது.

“இழு...”

அப்புறம் சத்தமே இல்லை. அவள் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

மாஸ்டருக்கு விளங்கிவிட்டது. இத்தனை நாள் மண்டையைக் குடைந்த சங்கதி இவ்வளவுதானா? கூடவே சொல்ல வேண்டியவள் பாதியில் தூங்கிவிட்டால் பயிற்சி எப்படிப் பலிக்கும்? பாவம், ஏதோ ஒரு நொடி கண் அசந்ததாகத்தான் அவள் நினைத்திருப்பாள். அவள்மேலும் தப்பு இல்லை, பெரியவர்மேலும் தப்பு இல்லை. வேறு ஆளைச் சொல்லச் சொன்னால் தீர்ந்தது.

அவளை எழுப்புவதற்காக அவர் குனிந்து கையை நீட்டினார்.

பெரியவர் எட்டி அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடியில் நல்ல பலம் இருந்தது.

“எழுப்பிடாதீங்க தம்பி,” என்றார் காதோடு. “நீங்க சொல்லிக்கொடுத்த மறுவாரமே எனக்குத் தூக்கம் வந்துடுச்சு, இந்த வீட்டுல இவளை யாரும் கூப்பிடாத நேரம் இது ஒண்ணுதான்.”