சாய்ந்த தையல்

ஐம்பத்து நாலாம் வருஷம், மழை விட்ட ஒரு பகல். கடப்பாக்கத்தில், விஷக்காய்ச்சல் கண்டு தேறிவந்த கணவன் வரதனுக்காகச் செங்கம்மாள் பழம்புடவைகளை அடுக்கிப் போர்வை தைத்தாள். எல்லாம் அவனுடைய மூத்த தாரம், இறந்துபோன கன்னியம்மாளின் புடவைகள்.

கஞ்சி வடித்துவிட்டுத் திரும்பினால் ஒரு வரிசை கூடுதலாகத் தைத்திருந்தது. தையல் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. படுத்திருந்தவனிடம் காட்டினாள்.

"இத யாருய்யா தெச்சது?"

"இடக்கைத் தையலு. கன்னியம்மாதான் இப்டித் தெப்பா."

பயந்துபோய் அந்த நூலை உருவத் தொடங்கினாள். வரதனுக்கு மூச்சு இழுத்தது. கையை எடுத்ததும் சீரானது.

செங்கம்மாள் சற்று நேரம் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு ஊசியில் நீளமாக நூலைக் கோத்துப் போர்வைமேல் வைத்தாள்.

"அக்கா, நீயே தெச்சி முடிச்சிடு."

அடுப்படிக்கு நடந்தாள். பின்னால், துணிக்குள் நூல் இழுபடும் சத்தம் நிதானமாகக் கேட்கத் தொடங்கியது.