ஏழாவது கட்டம்

"சிஸ்டர், நான் உங்கள மன்னிச்சிட்டேன்" என்றார் கட்டிங் மாஸ்டர், வாசற்படியில் நின்றபடி.

காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று எனக்குச் சந்தேகம். பல்லில் கடித்திருந்த இரண்டு குண்டூசிகளை எடுத்து மெஷின்மேல் வைத்தேன்.

என்னை மன்னித்துவிட்டாராம். இவர்!

எட்டு வருஷம் தையல் கடையில் அவர் வெட்டிக் கொடுத்ததை நான் தைத்தேன். அத்தனை நாளும் அவருக்கு நான் 'ஏ பொண்ணு'. இன்றைக்கு சிஸ்டர்.

அறுபத்து மூன்று பள்ளிச் சீருடைகளுக்குச் சட்டைக் கையை இரண்டு அங்குலம் குறைத்து வெட்டியவர் அவர். முதல் சட்டையிலேயே எடுத்துச் சொன்னேன். தைக்கிற வேலையை மட்டும் பார் என்றார். பள்ளிக்கூடத்திலிருந்து அத்தனையும் திரும்பி வந்த அன்று, நான் மடிப்பை அதிகம் விட்டுத் தைத்துவிட்டேன் என்று முதலாளியிடம் கூசாமல் சொன்னவரும் அவர்தான்.

ஒரே ஒரு சட்டையின் மடிப்பைப் பிரித்துப் பார்த்திருந்தால் போதும். யாரும் பிரிக்கவில்லை. அன்றைக்கே என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

ஏழு மாதமாக வீட்டில் உட்கார்ந்து அக்கம்பக்கத்தாரின் பேன்ட்டுக்கு நீளம் குறைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் ஒரு தாளை நீட்டினார். சபையில், இயேசுவின் சீடராக வாழப் பழக்கும் சீஷத்துவ வகுப்பில் கொடுக்கிற தாள். வகுப்பில் கேட்டதை வாழ்க்கையில் செய்து காட்டுவதற்கு ஏழு கட்டங்கள். நோயாளியைப் பார்க்கப் போனது, பசித்தவருக்குச் சாப்பாடு கொடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் சம்பந்தப்பட்டவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஏழும் நிரம்பினால்தான் ஞானஸ்நானம்.

ஆறு கட்டங்கள் நிரம்பியிருந்தன. ஏழாவதில், 'உனக்குத் தீமை செய்தவரைத் தேடிப் போய் மன்னி' என்ற வரிக்குக் கீழே என் பெயர்.

பக்கத்தில் 'செய்த தீமை' என்ற இடத்தில் முத்து முத்தாக எழுதியிருந்தார்: 'ஊரெல்லாம் என் பெயரைக் கெடுத்தது.'

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நடந்ததை நாலு பேரிடம் சொன்னேன், வாஸ்தவம். அழுதுகொண்டே சொன்னேன். அதற்கு மன்னிப்பா? கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நானே சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

மனுஷனிடம் கள்ளம் இருந்தாலாவது தேவலை. அதுவும் இல்லை. மூன்று நாள் உபவாசம் இருந்த பிறகுதான் மனம் இளகியதாம். முகம் முழுக்க நிம்மதி. நிஜமாகவே என்னை மன்னித்துவிட்டு நிற்கிறார்.

"ஞாயித்துக்கிழம பாஸ்டர்கிட்ட குடுக்கணும்" என்று பேனாவை நீட்டினார்.

வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். ஆறு நிரம்பி ஏழாவது மட்டும் கையெழுத்தில்லாமல் கிடந்தால் மனசை எப்படி அறுக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஸ்தோத்திரம் சொல்லித் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அவரை இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். என் பைபிளுக்குள் இருந்த தாளை எடுத்து வந்தேன்.

அதே தாள். அதே ஏழு கட்டங்கள். அவர் போவது கிளைச் சபைக்கு. நான் பெரிய சபையில் படிக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது.

ஏழாவது கட்டத்தில் அவர் பெயரை எழுதி நான்கு மாதம் ஆகிறது. மூன்று முறை கடைத் தெரு முனைவரை போய்த் திரும்பிவிட்டேன். இவரோ வீடு தேடியே வந்துவிட்டார். அந்த மட்டில் என்னைவிட இவர்தான் நல்ல சீஷன். அதை நினைக்க எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

'செய்த தீமை' என்ற இடத்தில் நான் எழுதியிருந்தது ஒரே வரி: 'சட்டைக் கையைத் தானே குறைத்து வெட்டிவிட்டுப் பழியை என்மேல் போட்டது.'

"நானும் உங்கள மன்னிச்சிட்டேன் மாஸ்டர்" என்றேன். பாதிதான் நிஜம்; மீதியைக் கர்த்தர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் அந்த வரியை வாசித்தார். பேனா மூடியைத் திறந்தார். மறுபடி வாசித்தார். பிறகு மூடிவிட்டார்.

"இதுல கையெழுத்துப் போட்டா, நான் தப்பு பண்ணினேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே சிஸ்டர்?"