எக்ஸிட்டர் வரைக்கும்

விவாகரத்தில் நார்விச் வீடு ஹெஸ்டருக்கு, அவளுடைய கார் டெஸ்மண்டுக்கு என்று தீர்ப்பானது. பத்து வருஷமாக அந்தக் காரை எடுத்துப் போய், காலி டேங்க்கோடு கொண்டுவந்து நிறுத்தியவன் அவன். ஒருநாளும் பங்க் பக்கம் போனதில்லை.

சாவி வாங்கப் புதுக் காதலி பிலிப்பாவோடு வந்திருந்தான்.

"எக்ஸிட்டர் போறோம். பெட்ரோலுக்கு எவ்வளவு ஆகும்?"

"முந்நூறு மைல், நாற்பத்தஞ்சு பவுண்டு ஆகும்," என்றாள் ஹெஸ்டர். "முக்கால் தூரத்துக்கு டேங்க்லயே இருக்கு. சாலிஸ்பரி தாண்டினா ஒரு பங்க் மலிவு, அங்க போட்டுக்க."

"இவ்வளவு நல்லவளா அப்பவே இருந்திருந்தா நான் ஏன் போகப்போறேன்?" என்று சிரித்துக்கொண்டே கிளம்பினான்.

கார் மறையும்வரை கையசைத்துவிட்டு, உள்ளே போய் நகத்தைத் தேய்த்துக் கழுவினாள் ஹெஸ்டர். டேங்க் மூடியிலிருந்து நேற்று சுரண்டியெடுத்த ஸ்டிக்கரின் பசை இன்னும் போகவில்லை.

'டீசல் மட்டும்' என்று எழுதியிருந்த ஸ்டிக்கர்.