ஒரு கம்பி குறைந்த ஜன்னல்

வீடு வாங்க வந்திருந்த தையல்கடைக்காரி, எல்லா அறையையும் பார்த்துவிட்டுக் கடைசி அறைக்கு வந்தாள். அந்த அறைக்கதவின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. ஜன்னலில் ஒரு கம்பியைக் காணோம்.

"இவ்ளோ நல்ல வீடு ஏன் எட்டு வருஷமா பூட்டிக் கிடக்கு?"

புரோக்கர் நெளிந்தார். "மறைச்சா பாவம்மா. இந்த வீட்டு மருமகளை இதே ரூம்லதான் அடைச்சு வச்சிருந்தாங்களாம். திடீர்னு ஒரு நாள் ஆளைக் காணோம். கொன்னு புதைச்சுட்டாங்கன்னு தெருவே பேசுது."

"பேசட்டும். வீடு எனக்குத்தான்."

"அவசரப்படாதீங்கம்மா. அந்தப் பொண்ணோட ஆவி இங்கதான் சுத்துதாம். போட்ட தாழ்ப்பாள் போட்டபடி இருக்க, அந்தக் கம்பியைப் பிடுங்கினது வேற யாரு?"

அவள் ஜன்னல் கட்டையில் இருந்த பள்ளத்தை விரலால் தடவினாள்.

"ஆவி இல்லண்ணே. சாப்பாட்டுத் தட்டோட வந்த ஸ்பூன். பதினோரு நாள் சுரண்டினேன்."

புரோக்கரின் கண் சட்டென்று அவள் காலுக்குத்தான் போனது.

"கால் இருக்குண்ணே, பயப்படாதீங்க. பத்திரத்துக்கு ஏற்பாடு பண்ணுங்க. நாளைக்கே ஒரு கார்பென்டரையும் வரச்சொல்லுங்க."

"தாழ்ப்பாளை உள்பக்கம் மாத்தணுமாம்மா?"

"கதவையே கழட்டணும்."